ஏலகிரிக்கு காரில் போகிறீர்களா? 14 வளைவுகளிலும் எதை நம்பலாம்?

வேலூர் பாகாயத்தைச் சுற்றிலும் மலைகள்தான். காட்பாடியில் இருந்து வரும் டவுன் பஸ்சில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாலே அவை கூடவே வரும். ஆனால் குடும்பத்தோடு காரில் ஏறி, குளிர்ந்த காற்றை வாங்கிவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப ஒரு மலை வேண்டும் என்றால், இந்தப் பக்கத்தில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஏலகிரி. வேலூரில் இருந்து சுமார் 90 கி.மீ. காலைப் பலகாரம் முடித்துக் கிளம்பினால் மதியச் சாப்பாடு மலையில்.

புதிதாக வரும் கார்கள் பலவற்றில் இப்போது ஓட்டுநருக்கு உதவும் வசதிகள் நிறைய இருக்கின்றன. முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைத் தானே கூட்டும், குறைக்கும். கோட்டை விட்டு விலகினால் ஸ்டீயரிங்கைத் திருப்பும். ஆபத்து என்றால் தானே பிரேக் போடும். “இனி காரே பார்த்துக்கொள்ளும்” என்ற நினைப்பு வருவது இயல்புதான். அந்த நினைப்பு எந்த இடம் வரை சரி, எந்த இடத்தில் ஆபத்து என்பதை பாகாயம் - ஏலகிரி பயணம் ஒரே நாளில் காட்டிவிடும்.

நெடுஞ்சாலை வரை சரி

தொரப்பாடி வழியாக வந்து சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறினால், பள்ளிகொண்டா சுங்கச்சாவடி, மாதனூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று சாலை அகலமாக ஓடுகிறது. வலப்பக்கம் பாலாறு. ஆம்பூரை நெருங்கும்போது தோல் பதனிடும் வாசனையும் பிரியாணி வாசனையும் மாறி மாறி வரும்.

க்ரூஸ் கன்ட்ரோல், தடம் காக்கும் வசதி இரண்டும் இப்படிப்பட்ட சாலைக்காகத்தான் செய்யப்பட்டவை. காரின் முன்கண்ணாடியில் உள்ள கேமரா வெள்ளைக் கோட்டைப் பார்க்கிறது. முன்பக்க ரேடார் எதிரே உள்ள வண்டியின் தூரத்தை அளக்கிறது. கோடு தெளிவாக இருந்து, சாலையும் நேராக இருந்தால் இரண்டும் ஒழுங்காக வேலை செய்யும். இங்கேயும்கூட எதிர்த்திசையில் வரும் டூ வீலர், திடீரென்று குறுக்கே நடப்பவர் என எதுவும் நடக்கலாம் என்பதால், கை ஸ்டீயரிங்கிலும் கண் சாலையிலும் இருக்கத்தான் வேண்டும்.

பொன்னேரியில் ஒரு நிமிடம்

வாணியம்பாடியில் இருந்து திருப்பத்தூர் சாலையில் வந்தால், ஜோலார்பேட்டை அருகே பொன்னேரி. இங்கிருந்துதான் மலைப்பாதை பிரிகிறது. ஏறுவதற்கு முன் காரை ஓரமாக நிறுத்தி ஒரு நிமிடம் செலவிடுவது நல்லது.

முதலில் க்ரூஸ் கன்ட்ரோலை அணைத்துவிட வேண்டும். ரேடார் நேராகத்தான் பார்க்கும். வளைவில் முன்னால் போன பஸ் பார்வையில் இருந்து மறைந்தால், “சாலை காலி” என்று நினைத்து கார் வேகம் எடுக்கக்கூடும். செங்குத்தான, வளைந்த சாலைகளில் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று காரோடு தரப்படும் கையேடுகளே சொல்கின்றன. தடம் காக்கும் வசதியும் வேண்டாம். கோடு அழிந்த, கொண்டை ஊசியாகத் திரும்பும் சாலையில் அது உதவாது. தவறான நேரத்தில் ஸ்டீயரிங்கை இழுத்தால் தொல்லைதான்.

அணைக்கக் கூடாதவையும் உண்டு. ஏ.பி.எஸ்., சக்கரம் சறுக்காமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், அவசர பிரேக் ஆகியவை அப்படியே இருக்கட்டும். வளைவில் உள்ள தடுப்புச் சுவரைப் பார்த்து அவசர பிரேக் எச்சரிக்கை ஒலி எழுப்பினால் பதற வேண்டாம்.

ஏறும்போது

ஏலகிரிப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. பாவேந்தர், பாரதியார், திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஔவையார் என முதல் ஏழும் புலவர்கள். பாரி, காரி, ஓரி, ஆய், அதியமான், நள்ளி, பேகன் என அடுத்த ஏழும் கடையெழு வள்ளல்கள்.

ஏற்றத்தில் கைகொடுப்பது ஹில் ஹோல்டு. வளைவில் பஸ்சுக்குப் பின்னால் நின்று மறுபடி கிளம்பும்போது, பிரேக்கில் இருந்து காலை எடுத்த பிறகும் கார் பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் பெரும்பாலான கார்களில் இது இரண்டு மூன்று விநாடிகளுக்குத்தான். அதற்குள் ஆக்சிலரேட்டரை அழுத்த வேண்டும். அதிக நேரம் நிற்க வேண்டுமென்றால் ஹேண்ட் பிரேக்தான் சரி. முன்னால் நிற்கும் வண்டிக்கு இந்த வசதி இருக்கிறதா என்பது தெரியாது. எனவே ஏற்றத்தில் பஸ், லாரிக்குப் பின்னால் ஒரு கார் நீளமாவது இடம் விட்டு நிற்பது பாதுகாப்பு.

பெரிய பஸ் வளைவில் திரும்பச் சாலையின் முழு அகலமும் தேவைப்படும். அது வருவது தெரிந்தால் வளைவுக்கு முன்பே நின்று வழிவிட வேண்டும். குறுகிய மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. இறங்குபவர் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது விதி. பாதையில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும். அவற்றுக்குத் தின்பண்டம் கொடுக்க வளைவில் காரை நிறுத்தவே கூடாது.

இறக்கம்தான் பரீட்சை

அத்தனாவூர், புங்கனூர் ஏரியில் படகு, நிலாவூர் என்று சுற்றிவிட்டு மாலையில் இறங்கும்போது எல்லோரும் களைத்திருப்பார்கள். ஏறியதைவிட இறங்குவது சுலபம் என்றும் தோன்றும். உண்மை நேர்மாறு. உதகை - மசினகுடி இடையே 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி சாலையில் நடந்த பல விபத்துகள் இறங்கும் வழியில் நேர்ந்தவைதான்.

காரணம் வெப்பம். ஒன்றரை டன் எடையுள்ள கார் 500 மீட்டர் உயரத்தில் இருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சுமார் 25 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஆம்பூர் பிரியாணிக் கடை அண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால், அந்த வெப்பத்தில் பெரும்பகுதி நான்கு சக்கரங்களின் பிரேக்கில்தான் சேரும். அதிகமாகச் சூடானால் பிரேக்கின் பிடி குறையும். பிரேக் ஆயில் பழசாகி ஈரம் உறிஞ்சியிருந்தால் சீக்கிரமே கொதித்துக் குமிழி விடும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்கும்; ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 டிகிரியாகக் குறைந்துவிடலாம். அப்போது பெடலை மிதித்தால் பஞ்சை மிதிப்பது போல உள்ளே போகும், கார் நிற்காது. எந்த நவீன வசதியும் இதே பிரேக்கைத்தான் பயன்படுத்துகிறது. பிரேக் போனால் அதுவும் போச்சு.

இதற்கு மருந்து, லாரி ஓட்டுநர்கள் காலங்காலமாகச் சொல்லும் விதிதான்: எந்த கியரில் ஏறினாயோ, அதே கியரில் இறங்கு. இரண்டாவது கியரில், தேவைப்பட்டால் முதல் கியரில், இன்ஜினே காரை இழுத்துப் பிடிக்கும். ஆட்டோமேட்டிக் காரை ‘டி’யிலேயே விட்டால், இறக்கத்தில் அது மேல் கியருக்குப் போய்விடலாம். ‘எல்’, ‘2’ அல்லது மேனுவல் முறைக்கு மாற்ற வேண்டும். பிரேக்கில் எப்போதும் காலை வைத்துத் தேய்க்காமல், வளைவுக்கு முன் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிட வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவது உயிரோடு விளையாட்டு. இன்ஜினை அணைத்தால் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் இறுகிவிடும்.

சில கார்களில் உள்ள ஹில் டிசன்ட் கன்ட்ரோல், மண், சேறு, சறுக்கலான சரிவுகளில் மெல்ல இறங்குவதற்கானது. பொதுவாக அது பிரேக்கைப் பயன்படுத்தித்தான் வேகத்தைப் பிடிக்கிறது. நீண்ட தார்ச்சாலை இறக்கம் முழுவதும் அதையே நம்பினால் பிரேக் சூடாகத்தான் செய்யும்.

மின்சார காரில் மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரியை சார்ஜ் செய்யும். அது இறக்கத்தில் பெரிய உதவி. ஆனால் மலை மேல் பேட்டரியை முழுக்க நிரப்பிக்கொண்டு இறங்கினால், வரும் மின்சாரத்தைச் சேர்க்க இடம் இருக்காது. அந்தப் பிடியும் குறையும். மேலே கொஞ்சம் காலியாகவே வைத்திருங்கள்.

கருகிய வாசனை வந்தால் அகலமான, பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஓடும்போதே பிரேக் பிடிக்கவில்லை என்றால் பெடலை மறுபடி மறுபடி அழுத்தி, கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, ஹாரன் அடித்தபடி பள்ளத்தை விட்டு மலைப் பக்கமாகக் காரை ஒதுக்க வேண்டும்.

எந்த வேகத்தில் இறங்குவது என்று குழப்பமா? பின் சீட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் வளைவுகளின் பெயர்ப் பலகையைப் படிக்கச் சொல்லுங்கள். பேகனில் தொடங்கி பாவேந்தர் வரை ஒன்று விடாமல் அவர்களால் நிதானமாகப் படிக்க முடிந்தால், சரியான வேகத்தில்தான் இறங்குகிறீர்கள். பொன்னேரி வந்ததும் ஒரு டீ குடியுங்கள், பிரேக்கும் ஆறட்டும். அதற்குப் பிறகு நெடுஞ்சாலையில் ஏறி க்ரூஸ் கன்ட்ரோலைப் போட்டுக்கொள்ளலாம்.