பல்பை நோவானேன்?

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது நம் முன்னோர் மொழி. மோட்டார் வண்டி வைத்துப் பிழைக்கும் நம்மவர் பலர், இண்டிகேட்டர் விளக்கு விஷயத்தில் இதை மறந்துவிடுகிறார்கள். விளக்கு எரியவில்லையென்றால் பல்பை மாற்றுகிறார்கள். மறுபடியும் எரியவில்லையென்றால் இன்னொரு பல்பை மாற்றுகிறார்கள். குற்றமோ பல வேளைகளில் பல்பினுடையது அன்று. அது அமர்ந்திருக்கும் ஹோல்டருடையது.

போனக்காட்டில் என் அத்தான் ஒரு பழைய ஜீப் ஓட்டுகிறார். திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்தின் அடிவாரத்தில் அமைந்த தேயிலைத் தோட்டம் அது. தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது. லயங்களில் நம் தமிழ்க் குடும்பங்கள் இன்னும் வாழ்கின்றன. பஸ் போய்விட்டால், பிரசவ வலி கண்டவளையும் காய்ச்சலில் துடிக்கும் குழந்தையையும் மலையிறக்கி விதுராவில் சேர்ப்பது ஜீப்தான். வளைவும் மூடுபனியும் மிகுந்த அந்தப் பாதையில், பின்னால் வருகிறவனுக்கு நம் கருத்தை அறிவிப்பது அந்தச் சிறு மஞ்சள் விளக்கொன்றே.

அத்தானுடைய வண்டியின் இடப்புறப் பின்விளக்கு ஒரே மழைக்காலத்தில் மூன்று பல்புகளை விழுங்கிவிட்டது. "பல்பெல்லாம் மட்டமான சரக்கு, தம்பி" என்று அவர் சலித்துக்கொண்டார். விளக்கின் மூடியைக் கழற்றியபோது பிளாஸ்டிக் தீய்ந்த வாடை வீசிற்று. ஹோல்டரின் ஒரு பக்கம் கருகி உருகியிருந்தது. உள்ளே பித்தளை முனையில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. அவர் கழற்றிப் போட்ட பல்புகளில் ஒன்றை எடுத்துப் பார்த்தோம். இழை அறவேயில்லை, அடியிலுள்ள ஈயப் பொட்டுத்தான் உருகித் தட்டையாகியிருந்தது.

இதன் காரணத்தைக் கணக்காகவே பார்த்துவிடலாம். 12 வோல்ட் பேட்டரியில் எரியும் 21 வாட் பல்பு ஏறத்தாழ 1.75 ஆம்பியர் மின்சாரம் இழுக்கிறது. முனை சுத்தமாக இருந்தால் அதனால் தீங்கில்லை. களிம்பாலோ, ஸ்பிரிங் தளர்ந்ததாலோ அவ்விடத்தில் ஒரு ஓம் தடை ஏற்பட்டால்கூட, பல்பு எரியும் நேரமெல்லாம் இரண்டு வாட்டுக்கு மேற்பட்ட வெப்பம் அந்தக் கடுகளவு இடத்திலேயே பிறக்கிறது. தடையுள்ள இடத்தில் மின்சாரம் வெப்பமாக மாறும் என்ற இவ்விதியை ஜூல் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி 1840களிலேயே வகுத்துவிட்டார். சூட்டினால் ஸ்பிரிங் மேலும் தளரும். தளர்ந்தால் சூடு மேலும் ஏறும். கடனுக்கு வட்டி ஏறுவது போலத்தான்.

ரயில் நிலையத்தில் வண்டி வந்து நின்றதும், பரிசோதகர்கள் சக்கரங்களின் அச்சுப் பெட்டிகளில் சூடு பார்ப்பதை நான் நாள்தோறும் காண்கிறேன். சூடு கண்டால் பெட்டியையே கழற்றிவிடுவார்கள். அந்தச் சிரத்தையில் பத்தில் ஒரு பங்கு நம் வண்டிகளுக்கும் வேண்டும்.

செய்ய வேண்டியவை சிலவே. விளக்கை அணைத்து, பல்பு ஆறிய பிறகு, பேட்டரிக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். களிம்பு மட்டும் இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, ஸ்பிரிங் பல்பை இறுகத் தாங்குகிறதா என்று பார்த்தால் போதும். பிளாஸ்டிக் உருகியிருந்தால் ஹோல்டரையே மாற்றிவிட வேண்டும். சூட்டில் கறுத்த கம்பியையும் ஒரு சாண் வெட்டி எறிந்து புதுக்கம்பி இணைக்க வேண்டும். எர்த் கம்பி பாடியைத் தொடும் இடத்தில் துருவைச் சுரண்ட வேண்டும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மழைநீர் மீண்டும் புகும். அதையும் மாற்றுவது நலம். வெளிச்சம் கூடுமென்று 21 வாட்டுக்கு மேற்பட்ட பல்பைப் போடுவது ஹோல்டருக்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும்.

இப்போது எல்.ஈ.டி. பல்பு போடுகிறார்கள். அது மின்சாரம் குறைவாக இழுப்பதால், பழைய பிளாஷர் பல்பு போய்விட்டதென்று எண்ணி வெகு வேகமாகச் சிமிட்டும். நிமிஷத்துக்கு 60 முதல் 120 முறை சிமிட்டுவதே முறை. வேகத்தைக் குறைக்க 6 ஓம் தடை ஒன்றைச் சேர்ப்பார்கள். அது தனியே 24 வாட் வெப்பத்தைக் கக்கும். அதைப் பிளாஸ்டிக்கின் மேல் கட்டினால் பழைய கதைதான். எல்.ஈ.டி.க்கு ஏற்ற பிளாஷரை மாற்றுவதே சரியான வழி.

மூடுபனியில் நான்கு இண்டிகேட்டர்களையும் ஒருங்கே சிமிட்ட விட்டு ஓட்டும் வழக்கம் ஒன்று மலைப்பாதைகளில் பரவியிருக்கிறது. 84 வாட் வழி நெடுக விட்டுவிட்டு எரிந்து ஹோல்டர்கள் நான்கும் காய்வது ஒரு கேடு. வண்டி எப்பக்கம் திரும்பும் என்பது பின்னால் வருகிறவனுக்குத் தெரியாமற்போவது அதனினும் பெரிய கேடு. வண்டி பழுதாகி நிற்கும்போது பயன்படும் விளக்கை ஓடும்போது போடலாகாது.

அத்தான் புது ஹோல்டர் போட்டு இரண்டு மழைக்காலம் ஆகிறது. அதே பல்புதான் எரிகிறது. நம் சங்கத்து அன்பர்களில் ஜீப்பும் ஆட்டோவும் ஓட்டுவோர் பலர். மழைக்கு முன் ஒருநாள் மாலை மூடியைக் கழற்றி ஹோல்டரைப் பார்த்துவிடுங்கள். நம்மை நம்பி ஏறும் குடும்பங்களுக்கு நாம் செய்யும் கடமை அது.