ஒன்றரை அடிச் சுவரும் மூன்று பெட்டிகளும்

பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க இணைப்பைப் பரப்பும் மெஷ் வைஃபை வாங்கப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது அட்டையில் அச்சிட்ட சதுர அடிக் கணக்கு. இரண்டு பெட்டிக்கு இவ்வளவு, மூன்று பெட்டிக்கு இவ்வளவு என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அவரும் வீட்டின் அளவைச் சொல்லி, அதற்கேற்ற செட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அந்தக் கணக்கு எந்த வீட்டை வைத்துப் போட்டது என்று கேட்பவர் குறைவு.

வீட்டு மெஷ் என்ற சரக்கு பிரபலமானது அமெரிக்காவில். ஈரோ நிறுவனம் 2015இல் அறிவித்து, 2016இல் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் நெட்கியரின் ஆர்பியும் கூகுள் வைஃபையும் வந்து சேர்ந்தன. அங்கே பெரும்பாலான தனிவீடுகளில் அறைக்கும் அறைக்கும் நடுவே இருப்பது மரச்சட்டமும் அதன் இருபுறமும் அறைந்த ஜிப்சம் பலகையும்தான். ரேடியோ அலைக்கு அது பெரிய தடையே இல்லை. நம் வீடுகளில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். தலைக்கு மேலே கம்பி கட்டிய கான்கிரீட். அட்டையில் இருக்கும் சதுர அடியை அப்படியே நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இந்த வேலை பார்ப்பவர்களுக்கு இது சீக்கிரமே புரிந்துவிடும். செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீண்டுகொண்டே போகும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய ஒன்றரை அடிச் சுவர்கள் அங்கே அரிதல்ல. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. சுவரைக் கொத்தி பைப் புதைக்கலாம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. டிரில் மெஷினோடு உள்ளே நுழைபவரிடம் வீட்டு ஆச்சி முதலில் சொல்வது இதைத்தான்: “தம்பி, என்ன வேணும்னாலும் பண்ணுங்க. சுவத்துல மட்டும் கை வைக்காதீங்க. இந்தப் பூச்சுப் பூச இனிமே ஆள் கிடைக்காது.”

ஆச்சி சொல்வது நியாயம். ஆகவே கம்பியில்லாமல் மூன்று பெட்டிகளை வைத்து முடிக்க வேண்டும். எங்கே வைப்பது?

கத்துக்குட்டி செய்வது இப்படி இருக்கும்: ஃபைபர் வந்து நிற்கும் முகப்பில் முதல் பெட்டி, வளவில் இரண்டாவது, இரண்டாங்கட்டில் மூன்றாவது. அன்று மாலை எல்லோர் போனிலும் நாலு கோடு தெரியும். சில நாளில் போன் வரும்: “கோடு ஃபுல்லா இருக்கு, ஆனா படம் சுத்திக்கிட்டே இருக்கு.” போனில் தெரியும் கோடு போனுக்கும் பக்கத்துப் பெட்டிக்கும் உள்ள தொடர்பை மட்டுமே காட்டும். அந்தப் பெட்டிக்கும் அதற்கு முந்தைய பெட்டிக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதை எந்தக் கோடும் காட்டாது. தொழிலில் இதற்கு பேக்ஹால் என்று பெயர். மெஷ் வாங்குவதில் முக்கால்வாசி இந்த பேக்ஹாலைப் பற்றிய முடிவுதான். மீதியெல்லாம் பெட்டியின் அழகு.

காரணம் எளிது. ஒரு ரேடியோவால் ஒரே சேனலில் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் முடியாது. முதல் பெட்டியிடமிருந்து வாங்கியதை, அதே சேனலில், அடுத்த நொடித்துண்டில் போனுக்குக் கொடுக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகிறது. முகப்பில் 400 மெகாபிட் என்றால் வளவில் 200, இரண்டாங்கட்டில் 100. இதுவும் சுவரே இல்லாத கணக்கு. டிரை பேண்ட் என்று விற்கப்படும் செட்டில் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தனி ரேடியோ இருக்கலாம். விலை கூடுவது அதற்காக. கம்பி இழுக்கவே முடியாத வீட்டில் அந்தக் கூடுதல் விலை தண்டமாகாது. கம்பி இழுக்க முடிகிற வீட்டில் அது தண்டம்.

செட்டிநாட்டு வீட்டில் அனுபவஸ்தர் முதலில் தொடுவது பெட்டியை அல்ல, ஃபைபரை. கண்ணாடி இழை மெல்லியது. உத்தரத்தை ஒட்டிக் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும். இணைப்புக் கொடுக்க வருபவரிடம் கெஞ்சிக் கூத்தாடியாவது அந்த இழையை முகப்பிலிருந்து வளவுக்குக் கொண்டுவந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இப்போது தலைமைப் பெட்டி நடுவில் இருக்கிறது. முகப்புக்கு ஒரு தாவல், இரண்டாங்கட்டுக்கு ஒரு தாவல். எங்குமே இரண்டு தாவல் இல்லை. அதே மூன்று பெட்டி, அதே விலை; கடைசி அறையின் வேகம் மட்டும் இரண்டு மடங்கு. மாடலை மாற்றிப் பார்த்துக் கிடைக்காத லாபம் இது.

வளவைத் தேர்ந்தெடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நடுவே வானம் பார்த்த முற்றம். சுற்றிலும் தாழ்வாரம். ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான குடும்பத்துக்கும், உரிய அறைகளின் கதவுகள் அந்தத் தாழ்வாரத்தைப் பார்த்தே இருக்கும். முற்றத்தைக் கடக்கும் அலைக்குக் காற்றைத் தவிர வேறெதுவும் குறுக்கே இல்லை. சுவரில் திணறும் அலை பர்மா தேக்குக் கதவில் அவ்வளவாகத் திணறாது. எனவே பெட்டி சுவரைப் பார்க்கக் கூடாது, கதவுகளைப் பார்க்க வேண்டும். பெல்ஜியம் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. கண்ணாடிக்குப் பின்னால் பூசிய உலோகம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். இரும்புப் பெட்டகத்தின் மேல் ‘இடம் காலியாகத்தானே இருக்கிறது’ என்று வைப்பதும் அதே வகைத் தவறு.

பார்க்கப் பயமுறுத்தும் இந்த வீடுகளைவிட, சென்னையிலோ கோவையிலோ மூன்று மாடி எழுப்பிய தனிவீடுதான் உண்மையில் கடினம். செட்டிநாட்டு வீடு நீளவாக்கில் பரவியது, மாடிவீடு மேல்வாக்கில். தளத்துக்குள் பின்னிக் கிடக்கும் கம்பிகள் அலையை நன்றாகவே மறிக்கும். அதோடு ஆன்டெனாவின் குணமும் சேர்ந்துகொள்கிறது. நேராக நிற்கும் சாதாரண ஆன்டெனா பரப்பும் அலையின் வடிவம் உளுந்து வடை மாதிரி: பக்கவாட்டில் தடிமன், நட்டநடுவில் ஓட்டை. பெட்டிக்கு நேர் மேலே இருக்கும் படுக்கையறை அந்த ஓட்டையில் மாட்டிக்கொள்ளும். மாடிப்படிக் கூண்டு ஒன்றுதான் அங்கே முற்றத்தின் வேலையைச் செய்கிறது. திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு பெட்டி வைத்தால் தளத்தைத் துளைக்காமல் படி வழியாகவே அலை ஏறிவிடும்.

இதையெல்லாம் ஊகத்தில் செய்யத் தேவையில்லை. பன்னிரண்டு வோல்ட் அடாப்டரில் ஓடும் பெட்டியாக இருந்தால், ரவுட்டருக்கென்று விற்கும் மினி யுபிஎஸ்ஸில் அதைச் செருகிக்கொண்டு வீடு முழுக்கத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். கையில் போன், அதில் சிக்னலை எண்ணாகக் காட்டும் செயலி. மைனஸ் 67 டிபிஎம் அளவில் இருந்தால் வீடியோ அழைப்பு தடுமாறாது. மைனஸ் 80 என்றால் அந்த இடத்தை மறந்துவிடலாம். மூன்று டெசிபல் குறைந்தால் சக்தி பாதியாகிறது, பத்து குறைந்தால் பத்தில் ஒன்றாகிறது. ஆகவே மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நகர்த்துவதுகூடச் சில வேளை பெட்டி மாற்றியது போல ஆகிவிடும். வாங்கும் முன்பே, கடைக்காரர் சம்மதித்தால், ஒரு செட்டை இரவல் வாங்கி இப்படி நடந்து பார்ப்பது நல்லது.

மூன்று போதவில்லை என்றால் ஐந்து வைக்கலாமே என்று தோன்றும். கூடாது. சாதாரண வீட்டு மெஷ்ஷில் எல்லாப் பெட்டிகளும் பேக்ஹாலுக்கு ஒரே சேனலைப் பங்குபோடுகின்றன. ஒன்று பேசும்போது அதைக் கேட்கும் தூரத்தில் இருக்கும் மற்றவை காத்திருக்க வேண்டும். தவிர, எந்தப் பெட்டியோடு ஒட்டுவது என்று கடைசியாக முடிவுசெய்வது பெட்டி அல்ல, போன். 802.11 கே, வி, ஆர் என்ற மூன்று ஏற்பாடுகள் ‘அந்தப் பக்கம் போ’ என்று போனுக்கு யோசனை சொல்லும், வழியை எளிதாக்கும்; கேட்பதும் கேட்காததும் போனின் விருப்பம். அடுப்படியில் நிற்பவரின் பழைய போன் முகப்புப் பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அது ஊர்ந்து ஊர்ந்து அனுப்பும் நேரமெல்லாம் அதே சேனலில் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும்.

ஒரே சேனலில் எத்தனை கருவிகள் கூடும் என்பது செட்டிநாட்டில் முக்கியமான விஷயம். ஆண்டில் பல மாதம் பூட்டிக்கிடக்கும் வீட்டில் அந்தக் காலத்துக்கு வைஃபை எதற்கென்றால், கேமராவுக்கு. தூணையும் கதவையும் பெயர்த்து விற்கும் திருட்டுக்குப் பயந்து, சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டுக் கேமராக்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசும். அந்த அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸைவிடச் சுவரை நன்றாகத் தாண்டும். இந்த வேலைக்கு மலிவான செட்டே போதும். பிறகு ஒருநாள் அறுபதாம் கல்யாணம் வரும். ஐம்பது அறுபது போன்கள் ஒரே வளவில் உட்காரும். அன்றைக்குத்தான் வைஃபை 6 என்ற பெயருக்கு அர்த்தம்: பல கருவிகளுக்கு ஒரே வேளையில் பங்கிட்டுக் கொடுப்பதற்காகவே அந்தத் தரத்தில் மாற்றங்கள் செய்தார்கள்.

அட்டையில் இருக்கும் மற்ற எண்கள்? ஏஎக்ஸ் 3000 என்பது 2.4 அலைவரிசையின் 574ஐயும் 5 அலைவரிசையின் 2402ஐயும் கூட்டி, முழு எண்ணாக்கிப் போட்டது. எந்தப் போனும் இரண்டையும் கூட்டி அந்த வேகத்தைப் பார்க்கப்போவதில்லை. வீட்டுக்கு வரும் இணைப்பே 100 மெகாபிட் என்றால் பழைய வைஃபை 5 செட்டுகூடப் போதும். எண்ணைவிட, பின்புறத் துளையைப் பார்ப்பது புத்திசாலித்தனம். டிபி-லிங்கின் டெக்கோ இ4இல் இருப்பது 100 மெகாபிட் போர்ட். அதன் அண்ணன் எம்4இல் கிகாபிட். வெளியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உருவம். 200 மெகாபிட் இணைப்பு வைத்திருப்பவர் முதலாவதை வாங்கினால் பாதிக் காசு வாசலிலேயே நின்றுவிடும்.

வைஃபை 7 வேண்டுமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. அதற்கான சான்றளிப்பு 2024 ஜனவரியில் தொடங்கியது. அதன் பலத்தில் பெரும்பகுதி 6 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறது. அமெரிக்கா 2020இலேயே அந்த அலைவரிசையில் 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது. இந்தியாவில் கீழ்ப்பகுதி 500 மெகாஹெர்ட்ஸுக்கான வரைவு விதிகள் வெளியானது 2025 மே மாதத்தில். எப்படியானாலும் 6 கிகாஹெர்ட்ஸ் அலை கனத்த சுவரில் இன்னும் சீக்கிரம் சோர்ந்துபோகும். செட்டிநாட்டு வீட்டுக்கு இப்போதைக்கு அவசரமில்லை.

கம்பி இழுக்க வாய்ப்பு இருக்கும் வீட்டில் யோசிக்கவே வேண்டாம், இழுத்துவிட வேண்டும். கேட் 5இ கம்பியே நூறு மீட்டர் வரை ஒரு கிகாபிட்டைக் கொண்டுபோகும். கேட் 6 என்று வாங்கும்போது செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியைத் தள்ளிவிடும் கடைகள் உண்டு; 305 மீட்டர் பெட்டியைத் தூக்கும்போதே எடை காட்டிக்கொடுக்கும். சந்தேகம் இருந்தால் பிளேடால் சுரண்டினால் போதும். செம்பு உள்ளே வரை சிவப்பு, மற்றது வெளுத்துவிடும். மொட்டைமாடி வழியாக அவுட்ஹவுஸுக்குப் போவதானால் செம்பும் வேண்டாம், ஃபைபரும் இருமுனையிலும் மீடியா கன்வர்ட்டரும் போடுவதே மேல். ஐப்பசி இடியில் ஒரு செம்புக் கம்பி இரண்டு முனைப் பெட்டிகளையும் சேர்த்துச் சுட்டுவிடும். மின்கம்பி வழியாகவே நெட் அனுப்பும் பவர்லைன் அடாப்டர் பெரிய வீட்டில் ஏமாற்றக்கூடும். அங்கே மூன்று ஃபேஸ் இருக்கும், இரண்டு அடாப்டரும் வெவ்வேறு ஃபேஸில் மாட்டிக்கொண்டால் பேச்சு தட்டுத்தடுமாறும்.

பலர் மறப்பது இன்வெர்ட்டர். கரன்ட் போனால் வளவுப் பெட்டி இருக்கும், இரண்டாங்கட்டுப் பெட்டி செத்துவிடும். அதன் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இல்லை. வைக்கும் இடத்தைத் தீர்மானிக்கும்போதே ஒயரிங்காரரையும் கூட்டிவைத்துக் கேட்க வேண்டும். கம்பெனி கொடுத்த மோடமும் மெஷ்ஷும் இரண்டுமே ரவுட்டராக வேலை செய்தால் சில கேமராக்களும் விளையாட்டுகளும் தகராறு செய்யும். மோடத்தை பிரிட்ஜ் மோடிலோ மெஷ்ஷை ஆக்சஸ் பாயின்ட் மோடிலோ மாற்றச் சொல்லிவிட வேண்டும். அதைவிட முக்கியம், மெஷ்ஷை இயக்கும் செயலி யாருடைய மெயில் ஐடியில் திறக்கப்பட்டது என்பது. வேலை செய்தவர் அவசரத்தில் தன் ஐடியில் திறந்துவிட்டு, பிறகு வெளிநாடு போய்விட்டால், வீட்டுக்காரர் பெட்டிகளையெல்லாம் ரீசெட் அடித்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். நாலாவது பெட்டி வேண்டுமென்றாலும் பெரும்பாலும் அதே பிராண்டைத்தான் வாங்க வேண்டும். பிராண்டுகள் கலந்து பேச ஈஸிமெஷ் என்ற பொது ஏற்பாடு 2018இல் வந்தும், பல கம்பெனிகள் தங்கள் வழியிலேயே போகின்றன.

புது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுவர்ப்பூச்சுக்கு முன்னால், மாடிக்கு மாடி ஒரு ஒன்றேகால் அங்குல பைப், உள்ளே ஒரு இழுகயிறு, கூரைக்குக் கீழே ஒரு பெட்டித்துளை: இந்த மூன்றையும் எலக்ட்ரீஷியனிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். கரன்ட் ஒயர் ஓடும் பைப்பிலேயே இதையும் சேர்த்து இழுக்க விடாதீர்கள். அன்றைக்கு ஆகும் செலவு சொற்பம். பிறகு நீங்கள் மெஷ்ஷே வாங்கத் தேவையிருக்காது. கூரையில் பதிக்கும் ஆக்சஸ் பாயின்ட்டுகள் அதைவிட நன்றாக வேலை செய்யும்.