ராசே தீவின் கடலோரப் பாதைகள்

மலைத்தீவு ஒன்றைச் சுற்றிப் பார்க்க வேண்டுமாயின் உரமேறிய கால்களும் கயிறும் ஊன்றுகோலும் வேண்டும் என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். ஸ்கொத்லாந்தின் மேற்குக் கரையோரத் தீவுகளைப் படங்களிற் கண்டோர்க்கு இவ்வெண்ணம் எழுவது இயல்பே. கடலினின்றும் செங்குத்தாய் எழும் கரும்பாறைகள், மேகம் தவழும் மொட்டை மலைகள், ஓயாது வீசும் காற்று ஆகியவற்றைக் கண்டு நெஞ்சு சற்றுத் தயங்கத்தான் செய்யும். ஆயினும், அத்தீவுகளுள் ஒன்றாகிய ராசேயிலே, முதியோரும் சிறுவரும் அஞ்சாது நடக்கத்தக்க பாதைகள் சில உள. அவற்றை அவ்வாறு எளியனவாக ஆக்கியோர் யாவர், அவர் பட்ட பாடு யாது என்பதை அறிந்து நடப்போமாயின், அந்நடை நெடுங்காலம் நினைவில் நிற்கும்.

ஸ்கை என்னும் பெருந்தீவுக்கும் ஸ்கொத்லாந்தின் பெருநிலத்துக்கும் இடையே, தெற்கு வடக்காக 14 மைல் நீண்டு கிடப்பது ராசே. அதன் அகலம் மிகக் கூடிய இடத்திலும் ஏறக்குறைய 3 மைலே. ஸ்கை தீவிலுள்ள ஸ்கொன்சர்த் துறையிலிருந்து புறப்படும் கப்பல் 25 நிமிட அளவில் நம்மை அக்கரை சேர்த்துவிடும். தீவின் நடுவே, உச்சியைச் சீவிவிட்டாற்போலத் தட்டையாய் நிற்பது டன் கான் மலை. அதன் உயரம் ஏறக்குறைய 1,450 அடி. ஆங்கில அகராதி தொகுத்த டொக்டர் ஜோன்சனும் அவருடைய நண்பர் பொஸ்வெலும் 1773ஆம் ஆண்டில் இத்தீவுக்கு வந்தனர். பொஸ்வெல் இம்மலையுச்சிக்கு ஏறி அங்கே நடனமும் ஆடினார். ஜோன்சனோ மலையேறச் செல்லவில்லை. ஏற்றத்தை விரும்பாத நம்போல்வார் அப்பேரறிஞரையே முன்மாதிரியாகக் கொள்ளலாம்.

கப்பற்றுறைக்கு அண்மையிலே இன்வரரிஷ் என்னும் சிற்றூர் உளது. அங்கிருந்து காட்டினூடாகச் செல்லும் சுரங்கத் தொழிலாளர் பாதை நம் முதல் நடைக்கு ஏற்றது. முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கு இரும்புத் தாது அகழப்பட்டது. இளைஞர் பலர் போர்முனைக்குச் சென்றுவிட்டமையால், ஜெர்மானியப் போர்க்கைதிகளைக் கொண்டு வேலை நடத்தினர். போர் முடிந்தபின் சுரங்கமும் மூடப்பட்டது. தாதுவைத் துறைக்கு இறக்கிய தண்டவாளங்கள் இன்று இல்லை. அவை கிடந்த சரிவிலே மரங்கள் நிழல் தருகின்றன. இடையிடையே பழைய கட்டடச் சிதைவுகள் புல்லினுள்ளிருந்து தலைகாட்டுகின்றன.

இரண்டாவது நடை, கிழக்குக் கரையிலுள்ள ஹலைக் என்னும் ஊரை நோக்கியது. வாகனம் செல்லும் வீதி வட பேர்ன்ஸ் என்னுமிடத்தில் முடிவடைகின்றது. அதற்கப்பால், புல் படர்ந்த அகன்ற பாதையொன்று மலைச்சரிவின் இடுப்பிலே கட்டிய கச்சைபோற் செல்கின்றது. இடப்புறம் பாறைச் சரிவு. வலப்புறம் கீழே கடல். கடலுக்கப்பால் பெருநிலத்தின் நீல மலைகள். திரும்பிப் பார்த்தால் ஸ்கை தீவின் சிகரங்கள் தெரியும். நிதானமாக நடப்போரும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில், பாதை திரும்பும் மூலையிலுள்ள நினைவுக் கற்குவையை அடைந்துவிடலாம். சிறுவரோடு வருவோர் அங்கிருந்தே திரும்புதல் நன்று. அப்பாற் செல்லும் ஒற்றையடிப்பாதை தெளிவற்றது.

கற்குவையருகே நின்று பார்க்கும்போது, எதிரே டன் கான் மலையின் அடிவாரத்திற் பசும்புற்றரை ஒன்று தோன்றும். உற்று நோக்கினால் அதிலே கூரையற்ற கற்சுவர்கள் பல தெரியும். அதுவே ஹலைக். அங்கே இன்று ஒரு குடியும் இல்லை. இவ்வூர் புயலாலோ கொள்ளைநோயாலோ அழிந்ததன்று. கரும்புத் தோட்டங்களிற் பொருளீட்டிய ஜோர்ஜ் ரெயினி என்னும் செல்வர் இத்தீவை விலைக்கு வாங்கினார். 1850களின் தொடக்கத்தில் அவர் ஊர் ஊராக மக்களை வெளியேற்றி, அந்நிலத்திற் செம்மறியாடுகளை மேயவிட்டார். மக்களிற் பலர் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினர். எஞ்சியோர் தீவின் வடமுனையிலும் அதற்கும் அப்பாலுள்ள ரோனாத் தீவிலும் பாறைகளுக்கிடையே ஒதுங்கினர். வடக்கே ஒதுங்கியோரையும் நல்ல நிலத்தையும் பிரிக்கத் தீவின் குறுக்கே கல்மதில் ஒன்றும் எழுப்பப்பட்டது. தீவில் எவரும் திருமணஞ் செய்தலாகாது என ரெயினி தடுத்திருந்ததாகவும், 1883ஆம் ஆண்டில் இங்கு வந்த அரச விசாரணைக் குழுவின்முன் மக்கள் சாட்சியம் கூறினர்.

இத்தீவிலே 1911ஆம் ஆண்டிற் பிறந்தவர் சொர்லி மக்லீன் என்னும் கவிஞர். தம் தாய்மொழியாகிய கேலிக் மொழியில் ஹலைக் ஊரைப் பற்றி அவர் பாடிய கவிதை 1954ஆம் ஆண்டில் வெளிவந்தது. போன மக்கள் மரங்களாகி அங்கே நடமாடுவதாகக் கண்டார் அவர். அக்கவிதையே கற்குவையிற் பொறிக்கப்பட்டுள்ளது. அதனைப் படித்தபின், அவ்விடத்துப் பூர்ச்ச மரங்களை வெறும் மரங்களாக நோக்குவது அரிது.

பறிபோன நிலத்தை மக்கள் மறந்துவிடவில்லை. 1921ஆம் ஆண்டில், போரிலிருந்து மீண்டவர்களும் உள்ளிட்ட சிலர் ரோனாவிலிருந்து வந்து, தம் முன்னோர் நிலமெனப் பேர்ன்ஸில் குடியேறினர். அவர்கள் சிறையிலிடப்பட்டனர். எனினும் நாட்டிலே அவர்கள்பால் அனுதாபம் பெருகியது. அடுத்த ஆண்டில் அரசாங்கமே தீவை விலைக்கு வாங்கிற்று. நாம் நடக்கத் தொடங்கிய அந்தப் பேர்ன்ஸ் இதுவே.

இனி மூன்றாவது நடை. தீவின் வடக்கு நோக்கிச் செல்லும் வீதி, கடலோரப் பாறையொன்றின்மீது இடிந்து நிற்கும் புரோக்கல் கோட்டையோடு முன்னாளில் முடிவடைந்தது. அதற்கப்பாலுள்ள ஆர்னிஷ் முதலிய ஊர்களுக்கு ஒற்றையடிப்பாதையன்றி வேறு வழி இல்லை. நோயாளியையும் மாமூட்டையையும் ஒருங்கே தோளிற் சுமக்க வேண்டிய நிலை. வீதியொன்று அமைத்துத் தருமாறு பல பத்தாண்டுகளாக மக்கள் விண்ணப்பித்தும், அதிகாரிகள் இணங்கவில்லை. ஒவ்வொரு குடும்பமாக ஊரைவிட்டு வெளியேறிற்று.

ஆர்னிஷில் வாழ்ந்த கலம் மக்லியோட் என்பவரும் கவிஞரைப் போன்று 1911ஆம் ஆண்டிற் பிறந்தவரே. சிறு நிலத்தைப் பயிரிட்டு, தபாற்காரராகவும் வெளிச்சவீட்டுக் காவலருக்கு உதவியாளராகவும் பணியாற்றியவர். அரசு செய்யாததைத் தாமே செய்வதென 1960களின் நடுப்பகுதியில் அவர் துணிந்தார். வீதியமைத்தல் பற்றிய பழைய நூலொன்றை இரண்டரைச் சிலிங்குக்கு வாங்கிப் படித்தார். தொடக்கத்திற் பாறைகளை வெடிவைத்துத் தகர்ப்பதற்கு விவசாயத் திணைக்களத்தாரின் உதவி கிடைத்தது. மற்றெல்லாம் பிக்காசும் சவலும் ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டியுமே. தம் அன்றாட வேலைகளை முடித்தபின், மழையென்றும் பனியென்றும் பாராது, கல்லைப் பெயர்த்து, சதுப்பை நிரப்பி, மதகு அமைத்து, ஏறக்குறைய 10 ஆண்டுகள் உழைத்தார். ஒன்றே முக்கால் மைல் நீளமான வீதி உருவாயிற்று. 1982ஆம் ஆண்டளவில் உள்ளூராட்சியார் அதனைப் பொறுப்பேற்றுத் தார் இட்டனர். அதற்கிடையில் ஆர்னிஷில் எஞ்சியிருந்தோர் அவரும் அவர் மனைவியாருமே. 1988இல் அவர் காலமானார்.

இன்று புரோக்கலில் அவர் பெயர் பொறித்த கற்குவையைத் தாண்டி அவ்வீதியில் இறங்கும் எவரும், அது எத்துணை அறிவோடு அமைக்கப்பட்டது என்பதை உணர்வர். செங்குத்தான இடங்களில் அது வளைந்து வளைந்து ஏறுகின்றது. சரிவின் புறத்தே அடுக்கிய கற்கள் தாங்கி நிற்கின்றன. நீர் வடிந்தோட வழி உண்டு. ஏற்ற இறக்கம் உண்டெனினும் ஒரு மணி நேரத்துக்குள் ஆர்னிஷை அடையலாம். அங்கிருந்து வடக்கே செல்லும் நடைபாதையும் கலமும் அவர் சகோதரரும் முன்னரே அமைத்ததுதான். நீர் வற்றும் வேளையில் அப்பாதை வழியே பிளடாத் தீவுவரை செல்லலாம். கடல் ஏறும் நேரத்தை அறிந்தே இறங்குதல் வேண்டும்.

செல்வோர்க்கு இரண்டொரு குறிப்புகள்: கோடையிலும் மழைச்சட்டையும் நீர் புகாத காலணியும் வேண்டும். காற்று அடங்கிய மாலைகளில் கொசுவினும் சிறிய கடிபூச்சிகள் மொய்க்கும். பாழ்வீடுகளின் கற்களை எவரும் பெயர்த்தலாகாது. அவை ஒருகாலத்தில் அடுப்பெரிந்த வீடுகள்.

ஒரே தீவு, ஒரே தலைமுறை. ஒருவர் போனவர்களுக்காகப் பாடினார். மற்றவர் இருப்பவர்கள் போகாதிருக்க வழி சமைத்தார். அவர் எண்ணிய மக்கள் அவ்வழியே வருமுன்னர் போய்விட்டனர். ஆயினும் வழி நிற்கின்றது. முதியவரொருவர் தம் பேரப்பிள்ளையின் கையைப் பற்றிக்கொண்டு அவ்வீதியிற் களைப்பின்றி நடக்க முடிகின்றதென்றால், அக்களைப்பை அவருக்காக முன்னரே பட்டுத் தீர்த்தவர் கலம் மக்லியோட்.