லண்டனில் சில கரீப்கள்

அரபு மொழியில் ‘கரீப்’ என்னும் சொல்லுக்கு அந்நியன், ஊர்விட்டு வந்தவன் என்பது முதற்பொருள். விநோதமானது, அரிதானது என்பன அதிலிருந்து கிளைத்தவை. உருது வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தபோது அச்சொல் ஏழையைக் குறிப்பதாகிவிட்டது. ஊரும் உறவும் அற்றவன் ஏழைதானே என்று கருதினார்கள் போலும்! ஆயினும் வந்த ஊரையே தம் விருப்பப்படி மாற்றிவிடும் கரீப்களும் உண்டு. 822ஆம் ஆண்டில் அந்தலூஸியாவை அடைந்த இசைவாணர் ஸிர்யாப், குர்துபா நகரத்தாருக்குப் பாடலை மட்டுமா கற்பித்தார்? உண்ணும் முறையையும் உடுத்தும் முறையையும் அவரே வகுத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சென்ற நூற்றாண்டின் அறுபதுகளில் லண்டனுக்கு வந்த ஆஸ்திரேலியர் சிலரைப் பற்றி வாசிக்கையில் ஸிர்யாபின் நினைவு எழாமல் இருப்பதில்லை. இவர்களுடைய போக்கு அவருடைய நாகரிகத்துக்கு நேர் எதிரானது என்பது வேறு செய்தி.

ரிச்சர்ட் நெவில், ரிச்சர்ட் வால்ஷ், ஓவியர் மார்ட்டின் ஷார்ப் ஆகிய இளைஞர்கள் 1963 ஏப்ரல் முதல் நாளன்று சிட்னியில் ‘ஓஸ்’ என்ற அங்கத ஏட்டைத் தொடங்கினார்கள். அன்றைய ஆஸ்திரேலியா அச்செழுத்தைக் கண்டு அஞ்சிய நாடு. துறைமுகச் சுங்க அதிகாரிகளே எந்த நூல் உள்ளே வரலாம் என்று தீர்மானித்தார்கள். லண்டன் நீதிமன்றம் 1960இல் விடுவித்த லாரன்ஸின் நாவல் அங்கே தடையில் இருந்தது. அந்த வழக்கைப் பற்றிய நூலுக்கும் தடை விதித்தார்கள்! 1964இல் இம்மூவருக்கும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் நீங்கியது. 1966இல் நெவிலும் ஷார்ப்பும் ஆசியா வழியாக லண்டனை நோக்கிப் புறப்பட்டார்கள்.

அவர்களுக்கு முன்பே பாரி ஹம்ப்ரீஸ், கிளைவ் ஜேம்ஸ் முதலியோர் அங்கே சென்றிருந்தார்கள். ஓவிய விமர்சகர் ராபர்ட் ஹ்யூஸும் அக்காலத்தில் அங்கிருந்தார். மெல்போர்னில் பிறந்து கேம்பிரிட்ஜில் ஷேக்ஸ்பியரை ஆராய்ந்து பட்டம் பெற்ற ஜெர்மைன் கிரீர் 1970இல் வெளியிட்ட பெண்ணுரிமை நூல் நாடுகள் பலவற்றிலும் விவாதத்தை எழுப்பியது. ஏன் இத்தனை பேர் ஒரே நாட்டிலிருந்து? நான் கருதுவது இதுதான்: ஆங்கிலேயன் வாய் திறந்த மறுகணமே அவன் எந்த வகுப்பினன் என்பதை அவனுடைய உச்சரிப்பு காட்டிக் கொடுத்துவிடும். ஆஸ்திரேலியனின் உச்சரிப்போ அந்தப் படிக்கட்டில் எந்தப் படியிலும் அடங்குவதில்லை. மொழியறிந்த அந்நியனுக்கு இது பெரிய சுதந்திரம்.

எல்லா அந்நியருக்கும் அது வாய்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1962, 1968 ஆண்டுகளின் குடியேற்றச் சட்டங்கள் பெரும்பாலும் நிறமுள்ளவரைத் தடுக்கவே இயற்றப்பட்டன. அதே நகரின் கிழக்குப் பகுதியில் சில்ஹட்டிலிருந்து வந்த நம் சகோதரர்கள் தையற்கூடங்களில் உழைத்துக்கொண்டிருந்தார்கள். 1743இல் பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டு அகதிகள் கட்டிய ஆலயம், பின்னர் யூதர்களின் தொழுகைக்கூடமாகி, 1976இல் இவர்களால் பிரிக் லேன் ஜும்ஆ பள்ளிவாசலாயிற்று. நகரை மாற்றிய கரீப்களின் பட்டியலில் இவர்களை யாரும் சேர்ப்பதில்லை.

லண்டன் ‘ஓஸ்’ 1967இன் தொடக்கத்தில் வெளிவந்தது; 1973 நவம்பர் வரை 48 இதழ்கள். செல்ஸியாவில் ‘ஃபெஸண்ட்ரி’ என்ற பழைய கட்டடத்தில் தங்கி ஷார்ப் வரைந்தார். ஆஃப்செட் அச்சு முறையால், வண்ணப் படத்தின் மேலேயே எழுத்தை ஓடவிட முடிந்தது. வாசிப்பவர் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். சில பக்கங்களை வாசிக்கவே இயலாது. எழுத்து ஓவியமாகிவிடும் இவ்விந்தை கூஃபி எழுத்தையும் துக்ராவையும் பழகிய நமக்குப் புதிதன்று. நம் கலைஞர் எழுத்தை மறைத்தது பக்தியால். இவர் மறைத்தது விளையாட்டால். அவர் வரைந்த பாப் டிலனின் சுவரொட்டியும் ‘கிரீம்’ குழுவின் இசைத்தட்டு உறைகளும் அக்காலத்தின் முகமாகவே ஆகிவிட்டன.

1970 மே மாதத்தில் 28ஆம் இதழைப் பள்ளி மாணவர்களே தயாரிக்கும்படி விட்டார்கள். அதிலேதான் வினை வந்தது. குழந்தைகள் கதையில் வரும் கரடிக்குட்டியை ஒரு சிறுவன் ஆபாசமாகச் சித்திரித்திருந்தான். நெவில், ஜிம் ஆண்டர்சன், ஆங்கிலேயரான ஃபெலிக்ஸ் டென்னிஸ் ஆகிய மூவரும் 1971இல் ஓல்ட் பெய்லியில் நிறுத்தப்பட்டார்கள். ஆறு வாரம் நடந்த அவ்வழக்கில் உளவியலாரும் கலைஞரும் நிபுணர் சாட்சிகளாக வந்தார்கள்.

நிபுணரைக் கேட்பது நீதிக்குப் புதிய வழக்கமா? கவிஞர் ஹுதைஆ தம்மை இகழ்ந்து பாடிவிட்டார் என்று ஸிப்ரிகான் முறையிட்டபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் கவிஞர் ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை அழைத்து, இது வசைதானா என்று விசாரித்தார்கள். வசையே என்று தெரிந்த பின்னரே சிறையிலிட்டார்கள். பின்பு கவிஞரின் பிள்ளைகளை எண்ணி விடுவித்து, மூவாயிரம் திர்ஹம் கொடுத்து முஸ்லிம்களின் மானத்தை அவரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள் என்று இலக்கிய வரலாற்று நூல்கள் கூறும். ஓல்ட் பெய்லியின் நீதிபதி ஆர்கைல் நிபுணர்களைச் செவிமடுத்தும் பயனில்லை. நெவிலுக்கு 15 மாதம், ஆண்டர்சனுக்கு 12 மாதம், டென்னிஸுக்கு 9 மாதம் சிறை. ஆஸ்திரேலியர் இருவரையும் நாடு கடத்தவும் பரிந்துரை! 1788 முதல் எத்தனையோ கைதிகளை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றத் தீர்ப்பளித்த மன்றம் அது. கப்பல் நின்று நூறாண்டு கழிந்தும் அதன் நா பழகிய ஊரை மறக்கவில்லை. சட்டத்தில் ஆபாசம் என்பதன் பொருளை ஜூரிகளுக்கு நீதிபதி தவறாக விளக்கினார் என்று கண்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியது.

அந்தச் சித்திரத்தை நான் ஆதரிக்கவில்லை. ஹயா ஈமானின் கிளை என்று கற்பிக்கிறவனுக்கு அதை ஆதரிக்க வழியுமில்லை. பிள்ளைகளின் கையில் பேனாவைக் கொடுத்த பெரியவர்கள் அருகில் அமர்ந்திருக்கவும் வேண்டும். ஆனால் அதே இதழில் அப்பிள்ளைகள் தேர்வு முறையைப் பற்றியும் பிரம்படியைப் பற்றியும் முறையிட்டிருந்தார்கள். கரடிக்குட்டியை ஆராய்ந்தவர்கள் அந்த முறையீட்டுக்கு விடை சொல்லவில்லை. மாணவனிடம் காட்டும் கடுமை அவனைப் பொய்க்கும் நடிப்புக்கும் பழக்கும் என்று இப்னு கல்தூன் பதினான்காம் நூற்றாண்டிலேயே தம் முகத்திமாவில் தனி அத்தியாயம் எழுதினார். அதை ஓதிய உஸ்தாதுகளின் மேசையிலும் பிரம்பு இருந்ததுண்டு. பிரிட்டனின் அரசுப் பள்ளிகளில் பிரம்பை நீக்க 1986இல்தான் சட்டம் வந்தது. அப்பிள்ளைகள் அதற்குள் முப்பது வயதைத் தாண்டியிருப்பார்கள்.

அரபுக் கவிஞர்களும் இவ்வாறு அந்நிய நகரில் கூடியதுண்டு. ஜிப்ரானும் நுஐமாவும் நியூயார்க்கில் 1920இல் ‘அர்ராபிதத்துல் கலமிய்யா’வை அமைத்தார்கள். அவர்கள் மாற்றியது நியூயார்க்கை அன்று. தாம் விட்டுவந்த மொழியை. சிட்னியார் செய்ததோ மறுதலை. எனினும் ஷார்ப் நாடு திரும்பி, 1970இல் சிட்னியில் ‘மஞ்சள் இல்லம்’ என்ற கலைக்கூடத்தை அமைத்தார். ஹ்யூஸ் நியூயார்க்குக்குச் சென்றார். கைதிகளைக் கப்பலேற்றிய வரலாற்றை 1987இல் பெருநூலாக எழுதினார். நெவிலும் பின்னர் தாமாகவே ஊர் திரும்பினார். ஷார்ப் 2013இலும் நெவில் 2016இலும் பிறந்த நாட்டிலேயே காலமானார்கள்.