7,400 அடியில் ஒரு முட்டைக்கோஸ்

பாகியோவிலிருந்து பொந்தோக் போகும் பஸ் லா திரினிடாடைத் தொடும்போதே, கோஸ் இலை அழுகும் வாடை ஜன்னல் வழியாக ஏறிக்கொள்ளும். பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், கோர்டில்லேரா மலைகளுக்குள் நுழையும் ஹால்செமா நெடுஞ்சாலைக்கு இதுதான் வாசல். மறுமுனை சுமார் 150 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. லா திரினிடாட் என்றால் சுற்றுலா வருகிறவர்களுக்கு ஸ்ட்ராபெரி. அது இருக்கட்டும். இந்தச் சாலை எதற்காக இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் காய்கறி மண்டிக்குள் போக வேண்டும்.

மலையிலிருந்து லாரி வந்து நின்றதும் சுமைக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். கோஸின் வெளி இலைகள் கத்தியால் சீவப்பட்டுக் காலடியில் குவியும். மண் ஒட்டிய கேரட் கழுவப்பட்டு ஆரஞ்சு நிறம் காட்டும். “மனோங், மானோ?” என்ற குரல் எல்லாப் பக்கமும் கேட்கும். இலோகானோ மொழியில் ‘அண்ணே, எவ்வளவு?’ என்று பொருள். பென்குவெட் மாகாணத்தில் இபலோய், கன்கனாய் என்று மக்களுக்குச் சொந்த மொழிகள் உண்டு. ஆனால் பேரம் இலோகானோவில்தான். மேலே மலையில் நான்கு மாதம் முதுகு ஒடிய உழைத்தவனின் கணக்கு இங்கே நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும்.

மண்டியைத் தாண்டியதும் ஏற்றம். சாலைக்குப் பெயர் தந்த யூசிபியஸ் ஹால்செமா ஓர் அமெரிக்கப் பொறியாளர். 1920 முதல் 1937 வரை பாகியோவின் மேயர். அவர் காலத்தில் வெட்டப்பட்டு 1930 வாக்கில் பொந்தோக்கைத் தொட்ட இந்த வழிக்கு அப்போது ‘மௌன்டன் டிரெயில்’ என்று பெயர். 1945 மார்ச்சில் ஜப்பானியர் வசமிருந்த பாகியோமீது அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டன. அதில் ஹால்செமா இறந்தார். தன் நாட்டுக் குண்டுக்குப் பலியான மனிதரின் பெயர் தாங்கிய சாலையில்தான் இன்றும் பஸ்கள் ஓடுகின்றன.

பஸ் என்றதும் பாடோ தாங்வா நினைவுக்கு வருகிறார். இதே மாகாணத்துக்காரர், பிற்பாடு கவர்னரும் ஆனவர். அவர் தொடங்கிய தாங்வா பஸ்கள்தான் இந்த மலைகளைத் தலைநகரோடு கட்டிப்போட்டன. மலைப் பூக்கள் பஸ் கூரையில் மணிலாவுக்கு வந்து இறங்கின. இறங்கிய இடத்தைச் சுற்றிக் கடைகள் முளைத்தன. மணிலாவின் பெரிய பூ மார்க்கெட்டுக்கு இன்றைக்கும் ‘தாங்வா’ என்றுதான் பெயர். காதலிக்கு ரோஜா வாங்க அங்கே போகிற பையனுக்கு, தான் சொல்வது ஒரு பஸ் கம்பெனியின் பெயர் என்று தெரிந்திருக்குமா?

சாலை மலைமுதுகின் மேலேயே ஓடுகிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்கூடப் பல இடங்களில் மண் பாதைதான். இப்போது கான்கிரீட். ஆனாலும் மழைக்காலத்தில் மலை சரிந்தால் கான்கிரீட்டும் சேர்ந்து போகும். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் மேகம். மேகம் விலகும்போதுதான் அந்தப் பக்கம் எவ்வளவு ஆழம் என்று தெரியும். விலகாமல் இருப்பதே நல்லது.

சுமார் 50 கிலோமீட்டரில் ஆதோக். எட்டு ‘பரங்காய்’கள், அதாவது எட்டுக் கிராமப் பிரிவுகள் கொண்ட மலை நகராட்சி. நகராட்சி என்றதும் கடைவீதி, பேருந்து நிலையம் என்று கற்பனை செய்ய வேண்டாம். சரிவுகளில் தகரக் கூரை வீடுகள், நடுவில் தோட்டம், தோட்டத்துக்குள் இன்னும் கொஞ்சம் தோட்டம், அவ்வளவுதான். பொப்லாசியோன் என்றால் ‘ஊர் மையம்’ என்று அர்த்தம். ஆதோக்கிலும் அந்தப் பெயரில் ஒரு பரங்காய் இருக்கிறது. ஆனால் நகராட்சி அலுவலகம் அங்கே இல்லை. பாவாய் பரங்காயில், நெடுஞ்சாலையோரம் உள்ள சயாங்கானில் இருக்கிறது. சாலைக்காகவே ஓர் ஊரின் தலை இடம் மாறியிருக்கிறது.

இந்தப் பாவாயில்தான் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் கை ஹெய்ட் என்ற அமெரிக்கர் குடியேறிக் குளிர்நாட்டுக் காய்கறிகளைப் பயிரிட்டுப் பார்த்தார். சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பன்றியும் மாடுமாக இருந்த மலைக்குக் கோஸும் உருளையும் வந்து சேர்ந்தன. இருந்தாலும் கூடையில் சுமந்து இறக்கி எத்தனை கோஸ் விற்றுவிட முடியும்? சாலையும் லாரியும் வந்த பிறகுதான் அது விவசாயமாயிற்று. இன்று நாட்டின் மலைக்காய்கறியில் ஐந்தில் நான்கு பங்கு பென்குவெட்டிலிருந்து போவதாகச் சொல்கிறார்கள்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இங்கே ‘அந்தாப்’ விழும். உறைபனிக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர். வெப்பமண்டலத் தீவு நாட்டில் உறைபனியா என்று மணிலாவிலிருந்து கேமராவோடு ஓடி வருவார்கள். தோட்டக்காரருக்கு அது வேடிக்கை இல்லை. விடிவதற்கு முன்பே எழுந்து ரப்பர் குழாயோடு பாத்தியில் இறங்கிவிடுகிறார். இலைமேல் வெள்ளையாகப் படிந்திருப்பதை வெயில் வருமுன் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். விட்டுவிட்டால், வெயில் பட்டதும் இலை வெந்நீர் ஊற்றியதுபோல் கருகிவிடும். அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீர்க் குழாயைப் பிடித்து நிற்கும் கையை நினைத்துப் பாருங்கள். பனியைப் படம் எடுக்கிறவர்கள் அந்தக் கையை எடுப்பதில்லை.

பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் தோட்டம் உள்ளவர்கள் இரும்புக் கம்பி வடம் இழுத்திருக்கிறார்கள். பழைய வண்டி இன்ஜின் ஒன்று வடத்தைச் சுற்ற, கோஸ் மூட்டைகள் அந்தரத்தில் ஆடியபடி சாலைக்கு வந்து சேர்கின்றன. மனிதனுக்கும் ஏறிப் போக ஆசை வரும், ஆனால் ஆபத்து.

சாலையோரப் பலகை ஒன்று, பிலிப்பைன்ஸ் நெடுஞ்சாலைகளிலேயே உயரமான இடம் இது, 7,400 அடி, என்று நெடுங்காலம் பெருமை பேசியது. எல்லா பஸ் பயணிகளும் அதன் அருகே நின்று படம் பிடித்தார்கள். 2019இல் அந்தப் பட்டம் இஃபுகாவ் மாகாணத்தின் தினோக்குக்குப் போய்விட்டது. அங்கே சுமார் 2,428 மீட்டர். ஆதோக் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கோஸ் விலைக்கும் பலகைக்கும் சம்பந்தம் இல்லையே.

விலைதான் எல்லாம். விதை, உரம், பூச்சிமருந்து, சமவெளியிலிருந்து லாரியில் வரும் கோழி எரு, எல்லாமே பலருக்குக் கடன். முதல் போட்டவரிடமே விளைச்சல் போகும். விலை ஏறினால் விவசாயி சொல்லும் சொல் ‘ஜாக்பாட்’. விழுந்தால் பறிகூலிகூடத் தேறாது. அந்த நாட்களில் சாலையோரம் கொட்டிய கோஸ் மலைபோல் கிடக்கும். கடத்தல் கேரட் மண்டியில் இறங்கும் பருவங்களில் கேட்கவே வேண்டாம்.

அடுத்து வரும் புகியாஸ் ஊரைப் பற்றி ஆய்வாளர் மார்ட்டின் லூயிஸ் 1992இல் ஒரு நூல் வெளியிட்டார். தலைப்பில் நிலத்தைப் பணயம் வைப்பது என்ற பொருள் வரும். காய்கறிப் பணம் வந்தால் பழைய சடங்குகள் மறைந்துவிடும் என்றுதானே நாம் நினைப்போம்? இங்கே தலைகீழ். லாபம் வந்தவன் முன்னோருக்குப் பன்றியும் எருமையும் பலி கொடுத்து ஊருக்கே விருந்து வைத்தான். சந்தை சடங்கை வளர்த்தது. காட்டை மட்டும் விட்டுவைக்கவில்லை.

தாதா மலையில் அது கண்கூடு. சுமார் 100வது கிலோமீட்டர். சீகோ, அக்னோ, ஆப்ரா ஆறுகளுக்குத் தலைநீர் தரும் மலை. 1936இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பாசி படர்ந்த காட்டைத் தேடிப் போனால் பெரும்பாலும் உருளைக்கிழங்குப் பாத்திதான் வரவேற்கும். இந்த மலைக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1986 செப்டம்பரில் அதிபர் கோரி அக்கினோவும், அரசுக்கு எதிராக ஆயுதம் ஏந்திய முன்னாள் பாதிரியார் கொன்ராடோ பல்வெகும் இங்குள்ள ஹோட்டலில் சமாதானம் செய்துகொண்டார்கள்.

பிறகு இறக்கம். சபங்கானில் சீகோ ஆறு பக்கத்தில் வந்து சேர்ந்துகொள்கிறது. சகாதாவுக்குப் போகிறவர்கள் வழியில் பிரிந்துவிட, மிச்சப் பேர் பொந்தோக்கில் இறங்குகிறார்கள்.

இதே சீகோ ஆற்றில் 1970களில் அதிபர் மார்கோஸின் அரசு நான்கு அணைகள் கட்டத் திட்டமிட்டது. கலிங்கா பகுதியில் அதை எதிர்த்து நின்ற மக்லிங் துலாக்கை 1980 ஏப்ரல் 24 இரவு படையினர் சுட்டுக் கொன்றார்கள். அணைத் திட்டம் கைவிடப்பட்டது. ஆறு இன்றும் பொந்தோக் பாலத்தின் கீழ் கல்லில் மோதியபடி ஓடுகிறது.

ஊருக்கு மேலே மலிகோங். கல்லடுக்கிச் சுவர் வைத்த நெல் படிகள் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகின்றன. வயலுக்குத் தனி வரப்பு கிடையாது. அந்தச் சுவரின் விளிம்பே நடைபாதை. அரை அடி அகலத்தில் ஒரு பக்கம் சேறு, மறுபக்கம் அடுத்த படி. அறுவடை நாளில் நெற்கட்டோடு அதன் மேல் நடந்து போகிறார்கள். விளைவது பெரும்பாலும் வீட்டுப் பானைக்கே. கீழே ஹால்செமாவில் கோஸ் லாரிகள் தெற்கே போய்க்கொண்டிருக்கின்றன. இந்தக் கட்டுகள் எதிர்ப்பக்கம், மேலே உள்ள குதிருக்குப் போகின்றன.