புறக்கோட்டையில் வாங்கிய நத்தார் மரம்

எங்கள் வீட்டு நத்தார் மரம் இருபது வயதைத் தாண்டிவிட்டது. 2002ஆம் ஆண்டு டிசெம்பரில் கொழும்பு புறக்கோட்டையில் பேரம்பேசி வாங்கியது. இரும்புக் கம்பிகளில் பச்சைப் பிளாஸ்டிக் ஊசியிலைகளை முறுக்கிச் செய்த, நெஞ்சளவு உயரமான மரம். ஒவ்வோர் ஆண்டும் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துக் கிளைகளை விரிக்கும்போது தரையெங்கும் பச்சைத் துகள்கள் கொட்டும். மனைவி முணுமுணுத்தபடி தும்புத்தடியுடன் வருவார். அதுவும் எங்கள் நத்தார்ச் சடங்குகளில் ஒன்றாகவே ஆகிவிட்டிருந்தது.

2021 டிசெம்பரில் அந்தத் துகள்களை உள்ளங்கையில் அள்ளிய என் இளைய மகள், "அப்பா, அண்டைக்குக் கடற்கரையிலை கிடந்தது மாதிரியே இருக்கு" என்றாள்.

அவள் சொன்ன கடற்கரை, வத்தளையில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத பமுனுகம. அவ்வாண்டு மே 20ஆம் திகதி கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்ற கொள்கலன் கப்பல் தீப்பற்றி எரிந்து, பின்னர் மூழ்கியது. அதிலிருந்த ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளில் பெரும்பகுதி கடலில் கொட்டுண்டு கரையொதுங்கியது. செய்தி சேகரிக்கச் சென்றபோது, வெள்ளை அங்கி அணிந்த கடற்படையினர் கடற்கரை மணலைச் சாக்குச் சாக்காக அள்ளிக்கொண்டிருந்தனர். மீன்பிடி தடைசெய்யப்பட்டிருந்தது. நீர்கொழும்பு வரையிலான அக்கரையோரம் பெரும்பாலும் கத்தோலிக்க மீனவர்களின் நிலம். வள்ளங்களைக் கரையேற்றிவிட்டுச் சும்மா இருந்த மனிதர்களிடம் கேள்வி கேட்கவே கூச்சமாக இருந்தது. பல மாதங்களுக்குப் பின்பு மகளை அங்கு அழைத்துச் சென்றபோதும், மணலைக் கிளறினால் மணிகள் வந்தன.

எனவே மரத்தை அன்றே எறிந்துவிடுவதெனத் தீர்மானித்தேன். பத்திரிகையில் சுற்றாடல் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவன் வீட்டில் பிளாஸ்டிக் மரமா என்ற ரோசம்தான். மரத்தைப் பெட்டியில் அடைத்து வாசலுக்குக் கொண்டுபோகையில் அம்மா தடுத்தார்.

"எறியப் போறியோ? எறிஞ்சால் எங்கை போகும் எண்டு நினைக்கிறாய், தம்பி?"

எங்கே போகும் என்பது எனக்குத் தெரியும். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டுத் தினத்தன்று மீதொட்டமுல்ல குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பண்டிகைப் பலகாரத் தட்டுகள் குப்பையின் கீழ் கிடந்த வீடுகளைப் பற்றி நானே எழுதியிருக்கிறேன். இரும்பும் பிளாஸ்டிக்கும் பிரிக்க முடியாதபடி பிணைந்த இந்த மரத்தைப் பழைய இரும்பு வாங்குபவரும் ஏற்கமாட்டார், பிளாஸ்டிக் வாங்குபவரும் ஏற்கமாட்டார். மண்ணில் புதைத்தால் உக்காது, எரித்தால் நச்சுப்புகை. வாங்கிய பாவத்தை வைத்திருந்துதான் தீர்க்கவேண்டும். மரம் மீண்டும் கூடத்துக்கு வந்தது.

அம்மாவின் தடைக்கு வேறொரு காரணமும் இருந்தது. அதைச் சொல்ல நான் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பவேண்டும்.

1990 தொடக்கம் குடாநாட்டில் மின்சாரம் இல்லை; பொருளாதாரத் தடை வேறு. மெழுகுதிரி, பற்றரி, சீமெந்து எல்லாம் தடைப் பொருட்கள். மண்ணெண்ணெய் பொன் விலை. அக்காலத்தில் கரையோரத்திலிருந்து வெட்டிவரும் சவுக்கங்கிளைதான் எங்கள் நத்தார் மரம். ஈரமணல் நிரப்பிய வாளியில் நட்டு, பஞ்சு ஒட்டிச் சோடிப்போம். குடிலுக்கு மலை செய்யப் பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கிக் கரியும் களிமண்ணும் பூசுவோம். புல்வெளிக்காக அம்மா பத்து நாட்களுக்கு முன்பே தேங்காய்ச் சிரட்டைகளில் குரக்கன் விதைத்துவிடுவார். நட்சத்திரம் ஈர்க்காலும் பட்டம் கட்டும் தாளாலும் ஆனது. அதற்குள் ஜாம் போத்தல் விளக்கு வைக்க முடியாதே! அண்ணன் துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து கம்பி இழுத்து ஒரு சிறு மின்குமிழைப் பொருத்தினார். மிதிகட்டையைக் கையால் சுற்றும்வரை நட்சத்திரம் எரியும். சுற்றுபவர் களைத்தால் பெத்லகேம் இருண்டுவிடும். பல்கலைக்கழக மாணவனாகிய நான் அதைச் சுற்றியபடியே அயற்பிள்ளைகளுக்குக் கரோல் கீதம் பழக்கியிருக்கிறேன். கேக்குக்குச் சீனி போதாது. பனங்கட்டி சேர்த்து, மணல் பரப்பிய தாச்சியில் மேலும் கீழும் சிரட்டைக்கரி நெருப்பிட்டு அம்மா அவித்தெடுப்பார். பண்டிகை முடிந்ததும் சவுக்கங்கிளை அடுப்புக்குப் போகும்.

1995 நத்தாரை இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் கழித்தோம். அங்கே குடில் கட்டவில்லை. கட்டவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

போர்நிறுத்தம் வந்து ஏ-9 வீதி திறந்த 2002இல்தான் அம்மா கொழும்புக்கு வந்து எங்களுடன் முதல் நத்தாரைக் கொண்டாடினார். அவருக்காகவே அந்த மரத்தை வாங்கினேன். மின்குமிழ்கள் ஒளிர்ந்தபோது, யாரும் எதையும் சுற்றாமலே எரிகிறது என்று சொல்லிச் சிரித்தார். பிறகு அறைக்குள் சென்று சிறிதுநேரம் தனியாக இருந்தார்.

இவ்வளவையும் மறந்து, 2021இல் நான் ஒரு கட்டுரை எழுதினேன். தடைக்கால நத்தாரே உண்மையான பசுமை நத்தார். பொலித்தீன் இல்லை, வீண்விரயம் இல்லை என்று புகழ்ந்து தள்ளியிருந்தேன். அச்சில் வந்ததும் பெருமையுடன் அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு முழுவதும் வாசித்தார்.

"அது பசுமை இல்லைத் தம்பி, பஞ்சம். அதை இப்பிடி வடிவாக்கி எழுதாதை. சீனி இல்லையெண்டு அழுத பிள்ளையளுக்கு நான்தான் பதில் சொன்னனான்."

முப்பது ஆண்டுகால எழுத்துப் பணியில் எந்த ஆசிரியரும் என் கட்டுரையை இவ்வளவு சரியாக வெட்டியதில்லை. இல்லாமையால் செய்யாதிருப்பதும், இருந்தும் வேண்டாமென்று விடுவதும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலத் தெரியலாம். அனுபவித்தவர் இரண்டையும் ஒன்றெனச் சொல்லமாட்டார்.

ஆகவே இப்போது எங்கள் வீட்டில் நடப்பதைப் பெரிய சாதனையாகச் சொல்லத் துணியவில்லை. பழைய மரம் நிற்கிறது; புதிய சோடனைப் பொருள் எதுவும் வாங்குவதில்லை. மினுங்கும் தூளை முற்றாக விட்டுவிட்டோம். அதுவும் நுண்ணிய பிளாஸ்டிக்தான். பழைய இழைக் குமிழ்களுக்குப் பதிலாக எல்.ஈ.டி. விளக்குகள், அவையும் நள்ளிரவுத் திருப்பலிக்குப் புறப்படும்போது அணைக்கப்படும். பரிசுப் பொதி சுற்றும் தாளை மகள் முதலில் கையில் கசக்கிப் பார்ப்பாள். கசங்கியபடியே இருந்தால் காகிதம். தானாக விரிந்தால் அதில் பிளாஸ்டிக் கலந்திருக்கிறது என்பது அவளது சோதனை. பெரும்பாலும் என் பத்திரிகைத்தாளே போதுமாகிவிடுகிறது. என் கட்டுரை வந்த பக்கத்தையே தெரிந்தெடுத்துச் சுற்றுவது அவளது குறும்பு.

கேக் விடயத்தில் மட்டும் நான் தோற்றேன். அயலாருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு துண்டையும் எண்ணெய்த்தாளில் சுற்றி, அதன்மேல் பளபளக்கும் தாள் சுற்றுவது மனைவியின் தாய்வழி வழக்கம். மேல்தாளை விடலாமே என்றேன். "மொட்டையாக் கொண்டுபோய்க் குடுக்கச் சொல்லுறியளோ?" என்றார். இரண்டு ஆண்டுகள் வாதாடியபின், பளபளப்புத் தாள் போய் வெள்ளைக் காகிதமும் சணல் நூலும் வந்தன. எண்ணெய்த்தாள் அப்படியே இருக்கிறது. மேலும் வாதாடும் உத்தேசம் எனக்கில்லை.

டொரொன்டோவிலுள்ள தம்பி உண்மையான மரம் வாங்குகிறான். சனவரியில் வீதியோரம் வைத்தால் மாநகரசபையே எடுத்துச் சென்று உரத்துக்குப் பயன்படுத்துகிறதாம். அங்கே அது சரி. அதற்கென்றே பண்ணையில் வளர்த்த மரம், எடுத்துச் செல்ல ஓர் ஏற்பாடு. இங்கே அதே ஆசையில் கரையோரச் சவுக்கை ஆளுக்கொரு கிளையாக வெட்டத் தொடங்கினால் என்னவாகும் என்று 2004 டிசெம்பர் 26ஐக் கண்ட நாம் யோசிக்கவேண்டும்.

குடில் மட்டும் முழுமையாகப் பழைய முறைக்குத் திரும்பிவிட்டது. புனித பிரான்சிஸ் அசீசியார் 1223இல் இத்தாலியின் கிரேச்சியோவில் அமைத்த குடிலில் வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையும் இருந்தனவாம். எங்களிடம் மாடு இல்லை, புல் இருக்கிறது. டிசெம்பர் நடுப்பகுதியில் அம்மா கதிரையில் இருந்தபடி சொல்லச் சொல்ல, மகள் சிரட்டைகளில் மண் நிரப்பிக் குரக்கன் தூவுவாள். தண்ணீரைக் கையால் தெளிக்கவேண்டும், ஊற்றக்கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. முதல் வருடம் அவள் ஊற்றினாள், விதை அழுகியது. மறுவருடம் நத்தாருக்கு முந்தைய நாள் பாலனைச் சுற்றி நான்கு விரல் உயரத்தில் பச்சை நின்றது.

மூவிராசாக்கள் திருநாள் முடிந்ததும் அந்தப் புல் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மையாரின் முயல்களுக்குப் போகும். சிரட்டைகளை மட்டும் அம்மா எண்ணித் திருப்பி வாங்கிக்கொள்வார்.