ஆட்டுக்குட்டிகளை ஒப்படைக்கும் முன்

ஆண்டுக்கணக்கில் மறைக்கல்வி கற்பித்துவரும் ஒருவரிடம் காவல்துறையின் சரிபார்ப்புச் சான்றைப் பங்குப் பேரவை கேட்டால், அவர் மனம் புண்படுவது இயல்பே. ஊதியமின்றி உழைப்பவரை ஐயுறுவது நம் பண்பாட்டுக்கு ஒவ்வாததாகவே நம்மில் பலருக்கும் தோன்றுகிறது. இம்மனக்குறையை இகழாமல் எண்ணிப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் சோஹம் என்னும் சிற்றூரில் 2002 ஆகஸ்டு மாதம் பத்து வயதுச் சிறுமியர் இருவர் கொல்லப்பட்டனர். கொன்றவன் அவ்வூர்ப் பள்ளி ஒன்றின் பராமரிப்புப் பணியாளன். 1995 முதல் 1999 வரை வேறொரு வட்டாரத்தில் அவன்மீது பாலியல் குற்றச்சாட்டுகள் பலமுறை எழுந்திருந்தன. எதிலும் அவன் தண்டனை பெறவில்லை; குறிப்புகளும் சரிவரப் பேணப்படவில்லை. 2001-இல் வேறு பெயரில் அவன் பணிக்கு வந்தபோது, காவல்துறையின் தேடல் அப்பெயரோடு நின்றுவிட்டது. சர் மைக்கேல் பிச்சார்டு நடத்திய விசாரணை 2004-இல் இக்குறைகளை எடுத்துக்காட்டி 31 பரிந்துரைகளை வழங்கிற்று. அதன் பயனாக நலிந்தோரைக் காக்கும் தனிச்சட்டம் அந்நாட்டில் 2006-இல் பிறந்தது.

நம் நாட்டிலும் இக்கடமை சட்டமாகியுள்ளது. போக்சோ சட்டத்திற்கு 2020-இல் வகுக்கப்பட்ட விதிகள், பள்ளிகளும் சிறுவர் இல்லங்களும் தம் பணியாளர் ஒவ்வொருவரின் பின்னணியையும் காவல்துறை வழியாகக் குறித்த காலந்தோறும் சரிபார்க்கப் பணிக்கின்றன. நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர் என்ற வேறுபாடு அங்கில்லை. ஆனால் தன்னார்வலரை அவ்விதி தனியே குறிப்பிடவில்லை. மறைக்கல்வி, பீடச்சிறுவர் பயிற்சி, பாடகர் குழு, கோடை முகாம் என நம் பங்குகளில் சிறுவரோடு பழகுவோர் பெரும்பாலும் தன்னார்வலரே. சட்டம் பேசாத இடத்தில் மனச்சான்று பேசவேண்டும். அமெரிக்க ஆயர்கள் 2002-இல் டாலஸ் நகரில் ஏற்ற சாசனம், குருக்கள் முதல் பங்குப் பணியாளர் வரை சிறாரோடு பழகும் அனைவரின் பின்னணியையும் ஆராயச் சொல்லிற்று. குருவே சோதிக்கப்படும்போது பொதுநிலையினருக்கு அதில் இழிவு ஏது?

உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடலோரம் பேதுருவிடம் ஒரே கேள்வியை மூன்றுமுறை கேட்டார். மூன்றாம் முறை பேதுரு மனம் வருந்தினார் என்கிறது யோவான் நற்செய்தி. அவர் உள்ளத்தை அறிந்திருந்தும் ஆண்டவர் கேட்டார். கேட்காமல் தம் மந்தையை ஒப்படைக்கவில்லை. கேள்வி அவமதிப்பு அன்று. ஆட்டுக்குட்டிகள் எத்துணை அரியவை என்பதற்கு அது அடையாளம்.

மனந்திரும்பியவனுக்கு மன்னிப்பில்லையா என்று கேட்போரும் உளர். மன்னிப்பு வேறு, பொறுப்பை ஒப்படைத்தல் வேறு. ஒப்புரவு அருட்சாதனம் பாவத்தைப் போக்கும். சிறுவரை மீண்டும் அவன் பொறுப்பில் விடவேண்டும் என்று அது எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. திருப்பலியில் அவனுக்கு இடமுண்டு. சிறுவர் வகுப்பில் இல்லை. அதே வேளையில், எப்போதோ மறியலில் கைதானவரையோ நிலத்தகராறில் வழக்கைச் சந்தித்தவரையோ தள்ளிவைப்பது அநீதியாகும். சிறாருக்கு இடர்தரும் குற்றமா என்பதே கேள்வி. சான்றில் கண்டதை ஊரெங்கும் பேசுவதும் பாவமே. பங்குத்தந்தையும் பொறுப்பாளர் ஓரிருவரும் அறிந்தால் போதும்.

எனினும் சான்று மட்டுமே காவலாகிவிடாது. சோஹம் நமக்குச் சொல்வதும் இதுவே. எவரோ துணிந்து சொல்லி, எவரோ எழுதி, எவரோ பேணிக் காத்தது மட்டுமே ஏட்டில் இருக்கும். குடும்ப மானம், கோயில் மானம் என்று நாம் மூடி மறைப்பவை எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. ஆகவே பெரியவர் எவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனித்திராத ஒழுங்கு வேண்டும். பிள்ளை சொல்வதைப் பொறுமையாகக் கேட்கும் செவி வேண்டும். கேட்டதைக் காவல்துறைக்கு அறிவிக்கும் துணிவும் வேண்டும். அவ்வாறு அறிவிப்பது போக்சோ சட்டப்படி நம் கடமையுமாகும்.

நம் பங்கில் இச்சான்று கேட்கப்படும் நாளில், பேரவை உறுப்பினரும் மூத்தோரும் முதலில் தம்முடையதைக் கொண்டுவந்து வைக்கட்டும். மற்றவர் தயக்கமின்றிப் பின்தொடர்வர்.